கட்டிலுக்கு அடியில் கிடந்தவன்

(சிறு முதலீட்டுப் படக் கலைஞர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேச வந்து என் பேச்சில் பாதியையும் பேசி முடித்துவிட்ட ஒளிப்பதிவாளர் அவர்களே, முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் படத்தொகுப்பாளர் அவர்களே (வெட்டுவது உங்கள் தொழில், இன்று ஒருநாள் பொறுத்தருள வேண்டும்), நடிக்க ஆசைப்பட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரையில் என்னை ‘நடிகர்’ என்று சொன்ன செயலாளர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. வீட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை.

கைக்காசைப் போட்டு எடுக்கும் பேய்ப்படத்தில் எழுத்து, நடிகர் தேர்வு, நடிப்பு ஆகிய மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பழமொழிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

முதலில் எழுத்து. கையில் பணம் இல்லாதவர் பேயை எழுத வேண்டாம், அரண்டவனை எழுதுங்கள். பேய்க்கு மேக்கப் வேண்டும், கிராஃபிக்ஸ் வேண்டும். அரண்டவனுக்கு ஒரு முகம் போதும். 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ படத்தில் அந்தச் சூனியக்காரி கடைசி வரை கண்ணில் படவே மாட்டாள். வசனம் எழுதிய திரைக்கதை கிடையாது, 35 பக்கச் சுருக்கம்தான். மூன்று நடிகர்களின் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர் சீட்டில் என்ன இருக்கிறது என்பது அடுத்தவருக்குத் தெரியாது. எட்டே நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

அவர்கள் வசனம் எழுதவில்லையே, நாமும் எழுதாமல் போவோம் என்று கிளம்பிவிடாதீர்கள். உங்கள் கதாநாயகி எதற்குப் பயப்படுகிறாள், பயந்தும் ஏன் அந்த வீட்டைவிட்டு ஓடவில்லை? இந்த இரண்டுக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவனுக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும்.

அடுத்து தேர்வு. ஆடிஷனில் அலறச் சொல்லாதீர்கள். அலறல் எல்லோருக்கும் வரும். பக்கத்து அறையில் ஏதோ சத்தம், காது கொடுத்துக் கேள் என்று சொல்லிப் பாருங்கள். அதில் தெரிந்துவிடும். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்துக்கு டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நாயகன் ஆனார். பாத்திரம் அவரை நினைத்து எழுதப்பட்டதில்லை. வந்தவர்களில் அவர்தான் நன்றாகச் செய்தார், அவ்வளவுதான். தேர்வு பற்றி இன்னும் நான்கு குறிப்புகள் வைத்திருக்கிறேன், அதை அப்புறம் சொல்கிறேன். நடிப்பு என்றதும் என் கதை நினைவுக்கு வந்துவிட்டது.

ஒரு படத்தில் நான் பேய். முழுப் பேய்கூட இல்லை, வெறும் கை. கட்டிலுக்கு அடியில் படுத்திருக்க வேண்டும். இயக்குநர் கட்டிலை இரண்டு தட்டு தட்டியதும் கை நீண்டு கதாநாயகியின் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முழங்கை வரை சாம்பல் பூசி, நகம் ஒட்டி, உள்ளே தள்ளிவிட்டார்கள். விளக்கு சரியில்லை, மைக் சரியில்லை என்று நேரம் போகிறது. இருட்டு, குளிர்ச்சியான தரை, முந்தின இரவு தூக்கம் வேறு இல்லை. தூங்கிவிட்டேன்.

டேக் ஆரம்பித்திருக்கிறார்கள். தட்டியிருக்கிறார்கள். கை வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கை வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. நிற்கிறாள். காலைப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால் பார்க்கவும் இல்லை. கால் விரல்கள் மட்டும் மடங்குகின்றன. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் ஐயா, நான் குறட்டை விட்டேன்! அவள் அலறிய அலறலில் நான் எழுந்து கட்டில் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டேன். (தழும்பு இங்கே இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது.)

அந்த ஷாட்டைத்தான் படத்தில் வைத்தார்கள். கை காட்சியிலிருந்தே போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் படத்திலேயே பயங்கரமான இடம் அதுதான் என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு, அதை நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

டைட்டிலில் என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். “நீங்கதான் படத்துலயே இல்லையே அண்ணே” என்றார் தயாரிப்பாளர். பேசிய தொகையும் வரவில்லை. வாயால் பேசிய தொகை, எதைக் காட்டிக் கேட்பது?

இதற்காகத்தான் போகிற மேடையில் எல்லாம் ஒன்றைச் சொல்கிறேன். கேமரா ஓடுவதற்கு முன்னால் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். சற்றுமுன் சொன்னேனே, காட்டுக்குள் போன மூன்று பேர், அவர்களுடைய சொந்தப் பெயர்களே படத்தில் பாத்திரப் பெயர்கள். அவர்கள் காணாமல் போய்விட்டதாகவே விளம்பரம் செய்தார்கள். படம் உலகமெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2024இல், அந்த மூவரும் தங்களுக்குரிய பங்கைக் கேட்டுப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ரொமேரோ படத்தில் காகிதம் வேறு விதமாகப் பழிவாங்கியது. விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, அதோடு இருந்த பதிப்புரிமை (காப்பிரைட்) அறிவிப்பு வாசகம் விட்டுப்போனது. அந்த ஒரு வாசகம் இல்லாததால் அமெரிக்காவில் படம் பொதுச்சொத்தாகிவிட்டது.

நம் ஆட்களிடம் ஒப்பந்தம் என்றாலே முகம் மாறுகிறது. “நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்?” என்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், சிறு தயாரிப்பாளர் கண்ணுக்குக் காகிதமெல்லாம் வக்கீல் நோட்டீஸ். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, அடிபட்டால் செலவு யாருடையது, காட்சி வெட்டுப்பட்டாலும் பெயர் வருமா, படம் விற்றால் பங்கு உண்டா, இவ்வளவுதான் கேட்கிறோம்.

தலைவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் இரண்டு பக்க மாதிரிப் படிவம் அடுக்கியிருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஆதரவுக் கையெழுத்துத் தாளும் இருக்கிறது. படத்தொகுப்பாளர் அவர்களே, நீங்கள் முதலில் போட்டால் கௌரவமாக இருக்கும். பேனா மட்டும் கொண்டு வாருங்கள், என்னுடையதை ஒளிப்பதிவாளர் வாங்கிப் போயிருக்கிறார்.