திப்பிலி பெயரில் போன மிளகு

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு லத்தீன் சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சொல் 'பிப்பெர்'. மிளகு என்று பொருள்.

ரோமர்களுக்கு இது கிரேக்கர் கொடுத்தது. அங்கே 'பெபெரி'. கிரேக்கருக்கு இந்தியாவிலிருந்து போனது. மூலச் சொல் 'பிப்பலி'. போகிற வழியில் லகரம் ரகரமாயிற்று. சரி, பிப்பலி என்றால் மிளகா? இல்லை! சளிக்குக் கஷாயத்தில் போடுகிறோமே, அந்தத் திப்பிலி. ஒன்றின் பெயரை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டார்கள்.

சேரர் துறைமுகமான முசிறிக்கு யவனர், அதாவது கிரேக்க, ரோம வணிகர், பொன்னோடு வந்து 'கறியொடு பெயரும்' காட்சி அகநானூற்றில் இருக்கிறது. கறி என்றால் அன்றைக்கு மிளகு. சரக்கை ஏற்றிக்கொண்டவர்கள் சொல்லைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். அவர்கள் கையில்தான் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததே. கடைசியில் பாவம், திப்பிலிதான் 'நீள மிளகு' ஆனது. ஆனால் விலையில் அதுதான் ராஜா. ரோம எழுத்தாளர் பிளினி கணக்குப்படி ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரியஸ் (ரோம வெள்ளிக் காசு), வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4.

அப்புறம் இலக்கணம். லத்தீனில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண், இரண்டுமல்லாதது என்று பால் உண்டு. பிப்பெர் மூன்றாவது வகை, கிரேக்கத்தில் இருந்தபடியே. எல்லாக் கடன்சொல்லும் இப்படி ஒழுங்காக வருவதில்லை. தாளைக் குறிக்கும் 'கார்ட்டேஸ்' கிரேக்கத்தில் ஆண்பால். லத்தீனுக்கு வந்ததும் 'கார்ட்டா', பெண்பால்!

'மிளகின்' என்பதற்கு 'பிப்பெரிஸ்'. ஆனால் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வடிவம் ஒன்றுதான், பிப்பெர். நமக்கு இது புதிதா என்ன? கடையில் போய் "மிளகு கொடுங்க" என்கிறோம், "மிளகைக் கொடுங்க" என்பதில்லை. நமக்கு அது விருப்பம். அவர்களுக்குக் கட்டாயம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோமக் கவிஞர் ஹொரேஸ் பேரரசர் அகஸ்டஸுக்கு எழுதிய கவிதைக் கடிதத்தின் முடிவில் ஒரு கவலை வருகிறது. மட்டமான கவிதையில் தன்னைப் புகழ்ந்துவைத்தால், அதை எழுதியவரோடு சேர்ந்து தானும், சாம்பிராணியும் வாசனைச் சரக்கும் மிளகும் வீணான தாளில் சுற்றி விற்கிற தெருவுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் என்கிறார். பழைய பரீட்சைத் தாளில் மளிகைக்காரர் மடித்துக் கொடுப்பாரே, அதே பொட்டலம்தான். விற்கிற பொருளாக அந்த வரியில் வரும் பிப்பெருக்கு உருபு மாற்றம் எதுவும் இல்லை. பொட்டலம் கட்டும் தாளுக்கு அவர் போட்ட சொல், நான் இப்போது சொன்ன அதே 'கார்ட்டா'.