காளான் செடி இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

மழை ஓய்ந்த மறுநாள் மண்ணில் குடை விரித்து நிற்கிற காளானைக் காட்டி, இது என்ன வகை என்று கேட்டுப் பாருங்கள். செடி வகை என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அது நகர்வதில்லை, மண்ணில் முளைக்கிறது, அதனால் அப்படித் தோன்றுவது இயல்பு. உயிரினங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை 18ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டிய லின்னேயஸும் காளானைத் தாவரங்களோடுதான் சேர்த்தார். உயிர்களுக்கு அவர் வகுத்தவை தாவரம், விலங்கு என்ற இரண்டே உலகங்கள். 1969இல் உயிரியலாளர் விட்டேக்கர் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்த பிறகுதான் காளானும் அடங்கும் பூஞ்சைகளுக்குத் தனி உலகம் உண்டு என்பது பாடப்புத்தகங்களில் நிலைபெற்றது.

ஏன் தனி உலகம்? காளானில் பச்சையம் கிடையாது. ஒளியை வைத்து அதனால் உணவு தயாரிக்க முடியாது. மண்ணுக்கடியிலும் மரக்கட்டைக்குள்ளும் ஓடுகிற அதன் மெல்லிய இழைகள் செரிமான நொதிகளை வெளியே கசியவிடுகின்றன. கட்டை அங்கேயே கரைகிறது, கரைந்ததை இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் விழுங்கிவிட்டுச் செரிக்கிறோம், பூஞ்சை செரித்துவிட்டு உள்ளே எடுக்கிறது. அதன் செல்சுவர் கைட்டினால் ஆனது. கரப்பான்பூச்சியின் மேலோட்டில் இருப்பதும் அதே கைட்டின்தான். செடியின் செல்சுவரோ செல்லுலோஸ். செடி உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கிறது, பூஞ்சை கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. நம் கல்லீரல் சேமிப்பதும் கிளைக்கோஜனைத்தான். மரபணுக்களை ஒப்பிட்டபோதும் இதே விடைதான் வந்தது. மறுபடியும் சொல்கிறேன், காளானுக்கு நெருங்கிய உறவு செடி இல்லை, விலங்குகள்.

வகைப்பாட்டில் வெளித்தோற்றத்தை நம்பினால் இப்படித்தான் தடுமாறுவோம். திமிங்கிலத்தின் துடுப்பு மீனை நினைவுபடுத்தும். ஆனால் அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. நீரில் நீந்துகிற வேலைக்கு அந்த வடிவம் பொருந்துகிறது, அதனால் இரண்டுக்கும் தனித்தனியே வந்தது. எந்தப் பண்பு மூதாதையிடமிருந்து வந்தது, எது வாழ்க்கைமுறையால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி.

சரி, உயிருள்ளது என்று ஒன்றை எப்படிச் சொல்கிறோம்? உணவு, சுவாசம், கழிவு நீக்கம், வளர்ச்சி, அசைவு, தூண்டலுக்குப் பதில், இனப்பெருக்கம் என்று ஏழு பண்புகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது, ஆனாலும் அதற்கு உயிர் உண்டு. நெருப்பு பரவும், வளரும், புகை விடும், ஆனால் அதில் ஒரு செல்கூட இல்லை. ஒற்றைப் பண்பைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

உலர் ஈஸ்ட்டைப் பாருங்கள். மணல்மணி போல அசையாமல் கிடக்கும். அதுவும் பூஞ்சைதான். இரண்டு டம்ளர்களில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, இரண்டிலும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் போடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் சர்க்கரை போட்ட டம்ளரில் நுரை கட்டும். நுரைக்குள் இருப்பது ஈஸ்ட் வெளிவிட்ட கார்பன்-டை-ஆக்சைடு. நுரை வரவில்லையா? நீர் கொதிக்கக் கொதிக்க இருந்து ஈஸ்ட் செத்திருக்கும், அல்லது ஈஸ்ட் ரொம்பப் பழசாக இருக்கும். ஆறிப்போன நீரில் நுரை வரும், ஆனால் நேரமாகும்.

காளானை இனம் காண நிபுணர்கள் செய்கிற ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். நன்றாக விரிந்த குடையாக எடுத்துக் காம்பை ஒட்ட நறுக்குங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள தாளின் மேல், அடியில் மடல் மடலாக இருக்கிற செவுள்கள் கீழே பார்க்கும்படி வையுங்கள். செவுள்களிலிருந்து பொடியாக உதிர்பவை வித்துகள், காளான் பெருகுவது இவற்றால்தான். வெள்ளை வித்துகள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்காகத்தான் கறுப்புப் பாதி. குடையின் முதுகில் ஒரு சொட்டு நீர் விட்டு, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மெல்ல எடுத்தால் செவுள் வரிகள் அப்படியே தாளில் பொடியாகப் படிந்திருக்கும். நிறம் வெள்ளையா, இளஞ்சிவப்பா, பழுப்பா, கறுப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். மொட்டுக் காளானிலும் காய்ந்ததிலும் எதுவும் விழாது. டம்ளர் மூடாவிட்டால் காற்று பொடியைக் கலைத்துவிடும். ஒன்றை மனத்தில் வையுங்கள்: இந்த நிறம் உண்ணத் தகுந்ததா என்று சொல்லாது. உயிரைப் பறிக்கும் சில காளான்களும் உண்ணும் சில காளான்களும் ஒரே வெள்ளைப் பொடியைத்தான் உதிர்க்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. பாக்டீரியாவை விட்டுவிட்டேன். பாக்டீரியா போலத் தெரிந்த சில நுண்ணுயிர்கள் உண்மையில் தனிக் கிளை என்று 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அவற்றுக்கு இன்று ஆர்க்கியா என்று பெயர். வைரஸுக்கு செல் கிடையாது, இன்னோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதனால் அதற்குத் தனி வகைப்பாடே வைத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.