பட்டியல் உடையும் இடம்

எல்லோருக்கும் வணக்கம்.

நாட்குறிப்பு எழுத ஆசைப்பட்டுப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "எழுத ஒன்றும் இல்லை." நேரமில்லை என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் பேசவிட்டால் அவர்களும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். எழுந்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். இதை நாலு நாள் எழுதலாம். ஐந்தாவது நாள் பேனாவை எடுக்கவே மனம் வராது.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். எழுத ஒன்றுமில்லை என்று தோன்றுகிற நாளில் ஒரு பட்டியல் போடுங்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கட்டும். போட்டுக்கொண்டே போகும்போது ஏதோ ஓர் இடத்தில் கை நின்றுவிடும். அல்லது ஒரு சொல் எழுத நினைத்த இடத்தில் மூன்று வரி வந்து விழும். பட்டியல் அப்படி உடைகிற இடத்தில் நீங்கள் எழுத வேண்டியது இருக்கிறது. அங்கிருந்து எழுதுங்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஓர் அறிவியலாளருடையது. சார்லஸ் டார்வின், 1838ஆம் ஆண்டு. பீகிள் கப்பலில் ஏறக்குறைய ஐந்து வருடம் சுற்றிவிட்டு 1836இல் ஊர் திரும்பியவர், லண்டனில் தனியாக வசித்துக்கொண்டிருக்கிறார். வயது 29. கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று குழப்பம். ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரிக்கிறார். ஒரு பக்கம் 'மணந்துகொள்', மறுபக்கம் 'மணக்காதே'.

வேண்டாம் என்கிற பக்கத்தில் காரணங்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கின்றன. நினைத்த இடத்துக்குப் போகலாம். கெட்டிக்காரர்களோடு உட்கார்ந்து பேசலாம். உறவினர் வீடுகளுக்குக் கட்டாயத்துக்காகப் போக வேண்டியதில்லை. கல்யாணம் ஆகிவிட்டால் மாலை நேரத்தில் படிக்க முடியாது, புத்தகம் வாங்கப் பணம் குறையும். எல்லாம் கணக்குப்பிள்ளை எழுதியதுபோல் இருக்கும். வேண்டும் என்கிற பக்கமும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது: குழந்தைகள், முதுமையில் துணை. 'எப்படியும் ஒரு நாயைவிட மேல்' என்று ஒரு வரி. இன்று படிக்கும்போது நமக்கு முகம் சுளிக்கிறது.

அதற்கு அப்புறம் பட்டியல் உடைகிறது. வாழ்நாள் முழுக்க ஒரு வேலைக்காரத் தேனீபோல உழைத்து உழைத்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போவதா, தாங்க முடியாது, முடியாது என்று எழுதுகிறார். புகை படிந்த அழுக்கு லண்டன் வீட்டில் நாளெல்லாம் தனியாக இருப்பதை நினைத்துப் பார்க்கிறார். அடுத்து, சோபாவில் மனைவி, பக்கத்தில் நல்ல கணப்பு நெருப்பு, புத்தகங்கள், ஒருவேளை இசையும் என்று ஒரு காட்சியே வந்துவிடுகிறது. அந்தக் காட்சியையும் தான் குடியிருக்கும் மங்கிய தெருவையும் ஒப்பிட்டுப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மணந்துகொள் என்று மூன்று முறை எழுதி, கணிதத் தேற்றம் நிரூபணமானால் போடுகிற முத்திரையை அதன் கீழே போடுகிறார். தாளைத் திருப்பினால், சரி, எப்போது, சீக்கிரமா மெதுவாகவா என்று அடுத்த விவாதம் தொடங்கியிருக்கிறது. 1839 ஜனவரியில் எம்மாவோடு அவருக்குத் திருமணம் நடந்தது.

எது அவரைத் தீர்மானிக்க வைத்தது என்று பாருங்கள். காரணங்களின் எண்ணிக்கையாக இருந்தால் அவர் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார். தனிமை அவரை எவ்வளவு அரித்துக்கொண்டிருந்தது என்பது அந்தத் தாளில் எழுத உட்காரும் முன்னால் அவருக்கே முழுசாகத் தெரிந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். 'நான் தனிமையில் வாடுகிறேன்' என்று நேரடியாக எழுத உட்கார்ந்திருந்தால், அந்த மனிதரிடமிருந்து அந்த வரிகள் வந்திருக்குமா? வந்திருக்காது. இரண்டு பத்தி போட்டுக் காரணங்களை அடுக்குகிற வேலையில் இறங்கியதால் காவல் தளர்ந்து, உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

நம் சங்க இலக்கியத்திலும் இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. அதில் வரும் பூப்பட்டியல் எல்லோருக்கும் தெரியும். காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று தொடங்கி 99 பூக்கள் என்று கணக்குச் சொல்வார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள்கூட இங்கே இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலை யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாயிடம் வெளியிடுகிற நேரம் அது. சொல்வதற்குக் கடினமான செய்தி. அருவியில் ஆடினோம், பூப்பறித்தோம் என்று ஆரம்பித்து, பூக்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கி, பாறையில் குவித்தோம், சூடிக்கொண்டோம், மரநிழலில் இருந்தோம் என்று சொல்லி, அதன் பிறகுதான் அவன் வந்த கதைக்கு வருகிறாள். பூக்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்கு அந்தக் கடினமான பேச்சுக்கு வாய் திறக்கிறது என்று நான் படித்துக்கொள்கிறேன். தாவரங்களைத் தெரிந்துகொள்ள அந்தப் பகுதியைப் படிப்பவர்கள் உண்டு, அது நல்லதுதான். எனக்கு அதில் ஒரு பெண் தைரியம் திரட்டிக்கொள்வது கேட்கிறது.

சரி, நாம் எப்படிச் செய்வது?

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: 'பழுதுபார்க்காமல் வைத்திருக்கும் பொருள்கள்'. எழுதிப் பார்ப்போம். நின்றுபோன கைக்கடிகாரம். ஒரு காதில் மட்டும் கேட்கிற இயர்போன். கம்பி வளைந்த குடை. அப்பா வைத்திருந்த ரேடியோ. பொத்தான் விழுந்த நீலச் சட்டை. திருகு கழன்ற மூக்குக்கண்ணாடி.

இதில் எதைப் பற்றி எழுதலாம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் அப்பாவின் ரேடியோ என்பார்கள். நினைவு, பாசம், பழைய பாட்டு என்று எழுத நிறைய இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதைப் பற்றி என்ன எழுதப்போகிறோம் என்பது நமக்கு முன்னாலேயே தெரியும். கை நின்ற இடத்தைப் பாருங்கள். சட்டையில் நின்றதா? அப்படியானால் சட்டை. பொத்தான் தொலையவில்லை, மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. ஊசி இருக்கிறது, நூல் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஏன் இன்னும் தைக்கவில்லை? இந்தக் கேள்வியை எழுதிவிட்டு 'ஏனென்றால்' என்று ஒரு சொல்லைப் போடுங்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போன நேர்காணல் ஞாபகத்துக்கு வரலாம். அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்ட ஒரு கேள்வி வரலாம். பொத்தானைத் தைத்துவிட்டால் சட்டையைப் போட வேண்டும், போட்டால் அந்த நாள் திரும்ப வரும். இதுதான் நாட்குறிப்பு. பத்து நிமிடத்துக்கு முன்னால் எழுத ஒன்றுமில்லை என்று சொன்னவரிடம் இது இருந்தது.

'ஏனென்றால்' என்ற சொல்லை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்வுகளைப் பற்றி எழுதச் செய்தார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவ மையத்துக்குப் போனார்கள். பின்னால் அவர் அந்த எழுத்துகளில் இருந்த சொற்களையே ஆராய்ந்தார். நாளுக்கு நாள் காரணம் சொல்கிற, புரிந்துகொள்கிற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டு போனதோ, அவர்களுக்கே பலன் அதிகம் தெரிந்தது. வெறும் பட்டியல் பாதி வேலைதான் செய்யும் என்று நான் சொல்வது இதனால். பட்டியல் ஒரு பொருளைக் கையில் எடுத்துக் கொடுக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பது நீங்கள்.

தலைப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஜப்பானிய அரண்மனையில் அரசிக்குப் பணிவிடை செய்த செய் ஷோனகோன் என்ற பெண் எழுதிய குறிப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் இருக்கின்றன. இதயத்தைப் படபடக்க வைப்பவை. எரிச்சலூட்டுபவை. பழைய நினைவைக் கிளறுபவை. இந்தக் கடைசித் தலைப்பின் கீழே, மழை நாளில் ஒருகாலத்தில் நேசித்தவரின் பழைய கடிதங்கள் கையில் கிடைப்பதை எழுதியிருக்கிறார். படபடப்புக்குக் கீழே, யாரையோ எதிர்பார்த்திருக்கும் இரவில் மழை கதவில் மோதும் சத்தத்துக்குத் திடுக்கிடுவது வருகிறது. இரண்டிலும் மழை. ஒன்றில் ஒருவர் வரப்போகிறார், இன்னொன்றில் வரமாட்டார். இந்தப் பட்டியல்களில் அவர் தன் வரலாற்றை எழுதவில்லை, தலைப்புப் போட்டு அடுக்கினார், அவ்வளவுதான். ஆனால் அவரை நமக்கு நன்றாகத் தெரிகிறது.

அவர் தலைப்புகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'எனக்குப் பிடித்தவை' என்று வைத்தால் மனம் சோம்பேறித்தனமாகப் பதில் சொல்லும். 'தூரத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும் பிடித்தவை' என்று வையுங்கள், யோசிக்க வேண்டிவரும். தலைப்புக்கு ஒரு முனை வேண்டும். 'நான் சந்தித்தவர்கள்' வேண்டாம். 'பெயர் கேட்க மறந்தவர்கள்' என்று எழுதுங்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 'எனக்கு நினைவிருக்கிறது' என்றே தொடங்கும் 480 சிறு குறிப்புகளை 1978இல் நூலாக வெளியிட்டார். படிப்பவர் தன் நினைவுகளை எழுதிக்கொள்ளட்டும் என்று, அவர் கேட்டுக்கொண்டபடி, நூலின் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் விடப்பட்டன. இன்னொருவருடைய பட்டியலைப் படித்தால் நம்முடையது தானாக ஊறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்கக் கதாசிரியர் ரே பிராட்பரி இளம் வயதில் வெறும் பெயர்ச்சொற்களை அடுக்கி வைப்பார்: ஏரி, இரவு, கூட்டம், அரிவாள். 22 வயதில் 'ஏரி' என்ற ஒரு சொல்லை எடுத்து உட்கார்ந்தார். சிறுவயதில் தண்ணீரில் போன ஒரு தோழியின் நினைவு எழுந்தது. அந்தக் கதையை முடித்தபோது அழுதார். அவருடைய முதல் நல்ல கதை என்று அவரே கருதியது அதுதான்.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம், தினமும் போடுகிற வேலைப் பட்டியலே போதும் என்பேன். ஒரு சின்ன இடைச்செருகல்: 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எவ்வளவு துல்லியமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். தூங்கத்தான் உதவும் என்றாலும் நல்லதுதானே. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வேலைப் பட்டியலில் ஒரு வரி நாள்தோறும் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். 'அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும்.' திங்கள்கிழமை எழுதுவீர்கள், செவ்வாய்க்கு மாற்றுவீர்கள், வியாழனுக்கு மாற்றுவீர்கள். இரண்டு நிமிட வேலை ஒரு வாரம் நகர்கிறது என்றால் அது போன் சம்பந்தப்பட்டதே இல்லை. அந்த வரியை வேலைப் பட்டியலில் இருந்து எடுத்து நாட்குறிப்பில் தலைப்பாகப் போடுங்கள். கூப்பிட்டால் அவர் முதலில் என்ன கேட்பார்? எதைக் கேட்டுவிடக் கூடாது என்று பயம்? எழுதி முடித்த கையோடு போனை எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நன்றிப் பட்டியல் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் அதைத்தான் முயன்று பார்த்திருப்பீர்கள். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பெரிய ஆதரவு. வாரம் ஒருமுறை, பத்து வாரம், நன்றிக்குரிய ஐந்து விஷயம் வரை எழுதியவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நல்லதாக உணர்ந்தார்கள். ஆனால் குடும்பம், ஆரோக்கியம், நண்பர்கள் என்று மூன்று சொல்லை ஒவ்வொரு முறையும் எழுதினால், கொஞ்ச நாளில் அது கையெழுத்துப் பயிற்சி ஆகிவிடும். 'நண்பர்கள்' என்று எழுதாதீர்கள். 'நான் பேசி முடிக்கும்வரை மொபைலைத் திருப்பிக் கவிழ்த்து வைத்திருந்தாள்' என்று எழுதுங்கள். அதில் ஒரு மனுஷி இருக்கிறாள்.

ஓர் எச்சரிக்கை. பட்டியல் உடைகிற எல்லா இடத்திலும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுத எழுத நிலை தடுமாறும் என்று தோன்றினால் நிறுத்திவிட்டு வேறு விஷயத்துக்குப் போங்கள் என்று பென்னிபேக்கரே சொல்கிறார். அந்த வரியின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். புதிதாக ஒருவரை இழந்தவர்களுக்குப் பட்டியல் மட்டுமே போதுமான நாள்கள் உண்டு: அவர் விட்டுப்போன பொருள்கள், அவர் அடிக்கடி சொன்ன சொற்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். எழுதிவைத்திருந்தால் போதும், என்றைக்கோ திறந்து பார்க்கலாம்.

உங்கள் நாற்காலியில் ஒரு தாள் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் கேளுங்கள். தலைப்பு: 'இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவை'. பொருளாக இருக்கலாம், யாரோ கற்றுக்கொடுத்த பழக்கமாக இருக்கலாம், ஒருவர் பேசுகிற விதமாகக்கூட இருக்கலாம். குறைந்தது பன்னிரண்டு வேண்டும், ஏனென்றால் முதல் ஐந்தாறு சட்டென்று வந்துவிடும், அவை யாருக்கும் வரக்கூடியவை. ஏழாவதில் சிரமம் தொடங்கும், அப்போது பேனாவை வைத்துவிடாதீர்கள். யாரும் வாங்கிப் படிக்கப்போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். பன்னிரண்டும் முடிந்ததும் கை எங்கே நின்றதோ அதை வட்டமிட்டு, தாளைத் திருப்பி, 'ஏனென்றால்' என்று தொடங்குங்கள். நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன்.