எல்லைக்கோடும் வரிப்பணமும்

வணக்கம், நேயர்களே.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், இந்தியர் வாழும் சாட்ஸ்வர்த்தும் கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் நிறவெறி ஆட்சியில் சாட்ஸ்வர்த் டர்பன் நகரசபையின் கீழ் இருந்தது; உம்லாசி, சூலு மக்களுக்கென்று தனியாகப் பிரித்துவைத்த க்வாசூலு அரசின் கீழ். இரண்டு ஊராரும் ஒரே துறைமுகத்தில், ஒரே தொழிற்சாலைகளில் உழைத்தார்கள். சம்பளத்தை ஒரே கடைவீதியில் செலவழித்தார்கள். அந்தத் தொழிற்சாலையும் கடைவீதியும் கட்டிய சொத்து வரி டர்பன் கஜானாவுக்குப் போனது. உம்லாசித் தெருவில் ஒரு விளக்குப் போடக்கூட அந்தக் கஜானாவுக்குக் கடமை இல்லை.

சாட்ஸ்வர்த்தில் நமக்கு வேறு கொடுமை. வரி கட்டினோம், நகரசபைத் தேர்தலில் வாக்கு இல்லை. ஆலோசனை மட்டும் சொல்லக்கூடிய ஒரு குழுவைக் கொடுத்தார்கள். டர்பனுக்கு வடக்கே நம்மவர் வாழும் வெருலத்துக்குச் சொந்தச் சபையே இருந்தது. ஆனால் துறைமுகத்தின் வரி அங்கே எப்படி வரும்?

ஜோகன்னஸ்பர்க்கிலும் இதே கதைதான். அதனால்தான் அதை ஒட்டிய கறுப்பின ஊரான சொவேட்டோவின் மக்கள் 1980-களில் "ஒரே நகரம், ஒரே வரிக்கஜானா" என்று கேட்டுப் போராடினார்கள். கேட்டது எளிதில் கிடைக்கவில்லை. 1996-இல் ஜோகன்னஸ்பர்க் முழுவதற்கும் ஒரே வரிவிகிதம் வந்தபோது, செல்வம் கொழிக்கும் சாண்டனில் பலர் கட்ட மறுத்தார்கள். வறுமை மிகுந்த அலெக்சாண்ட்ரா அவர்களுக்கு அடுத்த ஊர்தான்! வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. அந்த வரி செல்லும் என்று 1998-இல் முடிவானது.

டர்பன் வட்டாரம் 1996-இல் ஆறு உள்ளூர்ச் சபைகளாகவும் அவற்றுக்கு மேல் ஒரு பெருநகரசபையாகவும் சுருங்கியது. 2000 டிசம்பரில் எல்லாம் சேர்ந்து ஈதெக்வினி மாநகராட்சி ஆனது. மறு ஆண்டு, வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் தண்ணீர் இலவசம் என்பது நாடு தழுவிய கொள்கையானது. அதிகம் செலவழிக்கும் வீடு கூடுதலாகக் கட்டி, இல்லாத வீட்டைத் தாங்கும் ஏற்பாடு அது. பணக்காரப் பேட்டை தனிச் சபையாகப் பிரிந்து நின்றால் யாரை யார் தாங்குவது?

2022 ஏப்ரல் வெள்ளத்தில், நம் மாநகராட்சியின் வடக்கே உள்ள டோங்காட் ஊரின் குடிநீர் நிலையம் சிதைந்தது. மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். "பழையபடி நம் ஊருக்குத் தனிச் சபை வேண்டும்" என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அவர்கள் கோபம் நியாயம். பெரிய மாநகராட்சியில் நம் குரல் மேலே போய்ச் சேரத் தாமதமாகிறது. அது உண்மையான குறை. ஆனாலும் பிரிந்து போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அத்தனை பெரிய நிலையத்தைத் திரும்பக் கட்டும் செலவை ஒரு சிற்றூரின் வீட்டு வரி தாங்காது. கஜானா ஒன்றாகவே இருக்கட்டும். கணக்குக் கேட்கும் இடம் நம் வார்டுக்குள் வரவேண்டும்.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டத்தை மார்ச் முடிவுக்குள் சபையில் வைத்தாக வேண்டும். அதன்பின் மக்கள் கருத்தைக் கேட்பது சட்டம் விதித்த கடமை. அந்தக் கூட்டங்களுக்குக் கோயில் சங்கங்களும் முதியோர் மன்றங்களும் ஆளனுப்பட்டும். நம் வார்டின் தண்ணீர்க் குழாய்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், சென்ற ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உம்லாசி அன்பர்களையும் கூட அழைத்துப் போங்கள்.