12 பேரைச் சேர்த்தும் நாள் கணக்கு ஏன் ஓடவில்லை?

அடுத்த சந்தேகம்: "கூகுள் பிளேயில் மூடிய சோதனைக்கு 12 பேரின் மின்னஞ்சல்களைச் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. ஆனால் 14 நாள் கணக்கு தொடங்கவே இல்லை. என்ன தவறு?"

செயலியைப் பொதுவில் வெளியிட அனுமதி கேட்கும் முன், நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் அதைப் பயன்படுத்திப் பார்க்கும் மூடிய சோதனையில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கு மின்னஞ்சலைப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. அவர்கள் நீங்கள் அனுப்பும் இணைப்பைத் திறந்து, சோதனையில் சேரச் சம்மதிக்க வேண்டும். அதுவும் நீங்கள் சேர்த்த அதே கணக்கில் சம்மதிக்க வேண்டும். அலுவலக முகவரியைக் கொடுத்துவிட்டுச் சொந்தக் கணக்கில் இணைப்பைத் திறப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குச் செயலி கண்ணிலேயே படாது. இன்றே ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அங்கேதான் நின்றிருப்பார்கள்.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்குத்தான் இந்த விதி. முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். ஆனால் 14 நாளும் இடைவிடாமல் இருக்க வேண்டும். சரியாக 12 பேரை வைத்திருந்து, பத்தாம் நாள் ஒருவர் விலகினால், அவருக்குப் பதிலாக வருபவர் முதல் நாளிலிருந்து தொடங்குவார். ஆகவே 18 பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அந்த 18 பேர் யார் என்பது. எல்லோரும் உங்களைப் போன்ற நிரலாளர்களாக இருந்தால், சிக்கல் வரும் இடத்தைத் தாங்களாகவே சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய போன் வைத்திருப்பவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர், இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவர் எல்லோரும் வேண்டும். "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "புதிதாகப் பதிவு செய்யுங்கள், கடவுச்சொல்லை மறந்ததுபோல் மாற்றிப் பாருங்கள், எங்கே தயங்கினீர்கள் என்று எழுதுங்கள்" என்று வேலை கொடுங்கள். கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். சோதனையில் வரும் கருத்துகள் உங்களுக்கு மட்டுமே தெரியும், பொது மதிப்பீட்டில் சேராது.

திறந்தவுடன் மூடிக்கொள்வது போன்ற அப்பட்டமான பிழைகளை இவர்களிடம் கொண்டுவராதீர்கள். அவற்றை முன்பே, நெருங்கிய சிலருக்கு மட்டும் முதலில் செயலியைக் கொடுத்துப் பார்க்கும் உள்சோதனையில் களைந்துவிடுங்கள். அதில் 100 பேர் வரை சேர்க்கலாம்.

வந்த குறை, திருத்திய தேதி, வெளியிட்ட பதிப்பு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள். 14 நாள் முடிந்து, பொதுவில் வெளியிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது, சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், அதை வைத்து எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும்.