சேவ் குடுத்தா டேக் காணாமப் போகுதா? இந்த டெஸ்ட்டை எழுதுங்க

வணக்கம் மக்களே! இன்னிக்கு மைக்ரோசாஃப்ட் டாட்நெட்ல இருக்கற எக்ஸ்எம்எல் சீரியலைசர், அதாவது நம்ம ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஃபைலா எழுதி, திரும்பப் படிக்கற கருவி. பழசுதான், ஆனா செட்டிங்ஸ் வெக்கற கான்ஃபிக் ஃபைல்னு வந்தா இன்னும் நிறைய இடத்துல இதுதான் ஓடுது.

விஷயம் என்னன்னா, ஆப்போட பழைய வெர்ஷனுக்கு போர்ட், தீம்னு ரெண்டே டேக்தான் தெரியும். புது வெர்ஷன் அதே ஃபைல்ல ரீட்ரைன்னு ஒண்ணு சேர்த்துடுச்சு. யூசர் பழைய வெர்ஷனைத் திறந்து, தீமை மாத்தி, சேவ் குடுக்கறாரு. ரீட்ரை காலி! எரரும் வராது, ஒண்ணும் வராது. தெரியாத டேக்கைக் கண்டுக்காம தாண்டிப் போறதுதான் சீரியலைசரோட டீஃபால்ட்.

இதுக்கு நம்ம ஆளுங்க எழுதற டெஸ்ட் இருக்கே... ஒரு ஆப்ஜெக்ட், அதை சேவ் பண்ணு, திரும்ப லோட் பண்ணு, ரெண்டும் ஒண்ணா? பச்சை, அதாவது பாஸ். அது பச்சையாத்தான் இருக்கும் சாமி! நம்ம கிளாஸே எழுதின ஃபைல்ல நம்ம கிளாஸுக்குத் தெரியாதது எப்படி வரும்?

அதனால இன்புட்டைக் கையால டைப் பண்ணுங்க. இங்க பாருங்க, போர்ட்டுக்கும் தீமுக்கும் நடுவுல ரீட்ரை, அதுக்கு ஒரு அட்ரிபியூட், உள்ள ஒரு குட்டி டேக். லோட் பண்ணி, தீமை மட்டும் மாத்தி, சேவ். ரன் பண்றேன்... சிவப்பு. இப்ப கிளாஸ்ல ஒரு எக்ஸ்எம்எல்எலிமென்ட் அர்ரே வெச்சு, அது மேல எக்ஸ்எம்எல்எனிஎலிமென்ட்னு ஒரு குறி போடறேன், தெரியாத டேக்கெல்லாம் அந்த அர்ரேல வந்து உக்காந்துக்கும். மறுபடி ரன்... பச்சை. தெரிஞ்ச டேக்ல வர்ற தெரியாத அட்ரிபியூட்டுக்கு எக்ஸ்எம்எல்எனிஅட்ரிபியூட் தனியா வேணும். உள்ள இருக்கற ஒவ்வொரு கிளாஸுக்கும் இதே மாதிரி போடணும், மேல மட்டும் போட்டா ஆகாது. அதுக்கும் ஒரு டெஸ்ட்.

ஒப்பிடறப்ப ஸ்டிரிங்கா ஒப்பிடாதீங்க. சீரியலைசர் ரூட்ல ரெண்டு நேம்ஸ்பேஸை அதுவாவே சொருகும், ரீட்ரையும் நடுவுலேர்ந்து அந்த அர்ரே இருக்கற இடத்துக்கு நகர்ந்துடும். ரீட்ரையை மட்டும் எடுத்து, எக்ஸ்நோட்ல டீப்ஈக்வல்ஸ்னு ரெண்டு எக்ஸ்எம்எல் துண்டை ஒப்பிடற மெத்தட் இருக்கு, அதுல குடுங்க போதும்.

கமெண்ட் விஷயத்துல மட்டும் உஷார். அட்மின் "இந்த போர்ட்டை மாத்தாதே"ன்னு எழுதி வெச்சிருப்பாரு, சீரியலைசர் அதைத் தூக்கிடும். ரீட்ரையை மட்டும் ஒப்பிடற டெஸ்ட்ல அது சிக்காது, அதனால அதுக்குத் தனி அசர்ட், அதாவது தனியா ஒரு செக். கமெண்ட் நிக்கணும்னா சீரியலைசரை விட்டுட்டு எக்ஸ்டாக்குமென்ட்ல லோட் பண்ணி, அந்த ஒரு வேல்யூவை மட்டும் மாத்தறதுதான் வழி. டெஸ்ட்டுக்கு உள்ள போறதும் வெளிய வர்றதும் ஃபைலாவே இருந்தா, இப்படி மாத்தினாலும் அதே டெஸ்ட் அப்படியே ஓடும், ஒரு வரியும் மாத்த வேணாம்.