மலைக்குளிரில் எப்பொக்சி

வணக்கம் நேயர்களே. மரத்தில் வீட்டிலேயே கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஒன்றைச் செய்து காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மரவேலையை விட்டுவிடுகிறேன்; பொறுமை இருந்தால் அது கைகூடும். அதன்மேல் பைபர் என்கிற கண்ணாடி நார்த் துணி விரித்து, எப்பொக்சி என்ற இறுகும் பசையைப் பூசும்போதுதான் நம் மலை தன் குணத்தைக் காட்டும்.

கரையோரத்தில் பைபர் வள்ளம் செய்கிறவர்களைக் கேட்டால் பொலியெஸ்டர் ரெசினைச் சொல்வார்கள். மலிவுதான். ஆனால் மரத்தைப் பிடித்துக்கொள்வதில் எப்பொக்சிக்கு ஈடாகாது. நறுக்கிய நாரில் செய்த ‘மேட்’ என்ற விரிப்பும் வேண்டாம். பெரும்பாலும் அதன் நார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே செய்தது; எப்பொக்சியில் கரையாது. நெய்த துணி வாங்குங்கள், சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் தாராளம்.

சரி, குளிருக்கு வருவோம். பெயிண்ட் காய்கிற மாதிரி எப்பொக்சி காய்வதில்லை. ரெசினும், அதை இறுக்கும் ஹார்ட்னரும் வினைபுரிந்து இறுகுகின்றன. வெப்பம் 10 பாகை குறைந்தால் அந்த வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கொழும்பில் ஒரே இரவில் இறுகுவது நுவரெலியாவில் மறுநாளும் பிசுபிசுக்கும். உடனே, ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று கை துறுதுறுக்கும். கூட்டவே கூடாது. மிஞ்சிய ஹார்ட்னருக்குச் சேர ரெசின் கிடைக்காது. பூச்சு கடைசிவரை மென்மையாகவே கிடக்கும். டின்னில் போட்டிருக்கும் விகிதம் நிறைக்கா, கன அளவுக்கா என்று பார்த்து அப்படியே கலக்குங்கள். ரெசின் கெட்டியாக இருந்தால் மூடிய டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தெடுங்கள். குளிருக்கென்றே வேகமான ஹார்ட்னரும் விற்கிறார்கள்.

நேரமும் முக்கியம். காலை வெயிலில் படகைச் சூடாக்கி, பிற்பகலில் நிழலுக்குக் கொண்டுவந்து பூசத் தொடங்குங்கள். மரம் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து துணிக்கடியில் குமிழியாகக் கிளம்பும். ஆறும்போது ரெசினை உள்ளே இழுக்கும். துணி கண்ணாடிபோலத் தெளிந்ததும் மிச்ச ரெசினை வழித்தெடுங்கள். தேங்கினால் துணி மிதக்கும், படகு வீணாகக் கனக்கும்.

இரவில் சூடு வேண்டுமென்று விறகடுப்பையோ கேஸ் அடுப்பையோ பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். தீப்பிடிக்கும் என்பது ஒன்று. அதோடு, அடுப்பு விடும் கரியமில வாயுவும் ஈரமும் ஹார்ட்னரோடு சேர்ந்து பூச்சின்மேல் மெழுகுபோல ஒரு படலத்தை உண்டாக்கும். மூடுபனியிலும் அது வரும். சாண்ட்பேப்பரைத் தொடுமுன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் அடுத்த பூச்சைப் போட்டால் பின்னாளில் உரிந்து வரும்.

அட்டன், மஸ்கெலியா பக்கம் இதற்கெல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோதான காலம். கையுறை கட்டாயம், எப்பொக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் விடாது.

பூச்சு இறுகியபின் ஒரு வாரமாவது விட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் அடியுங்கள். வார்னிஷ் இல்லாத எப்பொக்சி வெயிலில் மஞ்சளித்து வெளுத்துப் பொடியும், மலையில் வெயிலின் அந்தக் கதிர் இன்னும் கடுமை.